காசைக் குவிப்பதா? வரலாற்றைக் காப்பதா?

பழங்காசு தொகுத்தல் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அவற்றுள்ளும் உரோமப் பேரரசின் நினைவுக்காசுகளைத் தேடித் தொகுப்பார் மிகப் பலர். ஒரு வெற்றியையோ, ஒரு நகரின் தோற்றத்தையோ, ஒரு பெருவிழாவையோ நாடறியச் செய்தற்கு அடிக்கப்பட்டதே நினைவுக்காசு. செய்தித்தாளும் வானொலியும் இல்லாத அக்காலத்தில் ஆட்சியின் குரல் ஊர்தோறும் சென்றது காசின் வழியே அன்றோ? அக்குரலைக் கேட்டறியத் தொகுப்பவர் சிலர். பேழையை நிரப்பக் குவிப்பவரோ பலர். இவ்விரு செயலும் ஒன்றல்ல. முன்னது கல்வி, பின்னது வெறும் உடைமைப் பெருக்கம்.

கி.பி. 330ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் பேரரசன் கான்சுடன்டைன் தன் புதிய தலைநகரான கான்சுடன்டிநோபிளுக்குத் திறப்புவிழா எடுத்தான். அதனையொட்டி இருவகைச் சிறுகாசுகள் வெளிவந்தன. ஒன்றன் முன்புறத்தில் தலைச்சீரா அணிந்த உரோமை நகரின் பெண்ணுருவம். பின்புறத்தில் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பாலூட்டும் ஓநாய். அதன்மேல் இரு விண்மீன்கள். மற்றொன்றில் புதிய நகரின் பெண்ணுருவம். பின்புறத்தில் வேலும் கிடுகும் தாங்கி மரக்கலத்தின் அணியத்தில் நிற்கும் வெற்றி அணங்கு. இரண்டிலும் அரசனின் முகமும் இல்லை; பெயரும் இல்லை. பழைய நகரைத் தாழ்த்தாமலே புதிய நகரை அதற்கு இணையாக உயர்த்திய அரசியல் திறம் அது.

இவ்விருவகையும் மேற்கே திரியர் முதல் கிழக்கே அந்தியோக்கியா, தெற்கே அலெக்சாந்திரியா வரை பதின்மூன்று அக்கசாலைகளில் அடிக்கப்பட்டன. மேலோட்டமாகப் பார்ப்பவனுக்கு எல்லாம் ஒன்றே. அடியில் உள்ள சிற்றெழுத்துகளைப் படிப்பவனுக்கோ ஒவ்வொன்றும் வேறு. ஆர்ல் நகருக்குக் கான்சுடன்டைன் குடும்பப் பெயரே சூட்டப்பட்டதால், அதன் அக்கசாலைக் குறி கான்சுடன்டிநோபிளின் குறியை ஒத்திருக்கும். ஆர்லில் பட்டறையைச் சுட்டும் இலத்தீன் எழுத்து குறிக்கு முன்னே நிற்கும்; கான்சுடன்டிநோபிளிலோ கிரேக்க எழுத்து பின்னே நிற்கும். ஓரெழுத்தைப் பிழைபடப் படித்தால் காசு ஒரு கடல் கடந்துவிடும். திரியர் காசுகளில் புள்ளி, விண்மீன், இலைவளையம் என ஓரிரு ஆண்டுகளில் மாறிய சிறுகுறிகள் அவை அடிக்கப்பட்ட காலத்தையே காட்டுகின்றன. தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டரை கிராம் இருந்த எடை, சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 1.7 கிராமாகக் குறைந்தது. பணத்தின் மதிப்பு வீழ்ந்த கதையை அவ்வெடையே சொல்லும்.

இதற்கு முன்னரும் இத்தகைய நுட்பம் உண்டு. கி.பி. 248இல் உரோமை நகரின் ஆயிரமாம் ஆண்டுவிழாவைப் பேரரசன் பிலிப்பு கொண்டாடியபோது, விலங்குருப் பொறித்த வெள்ளி கலந்த காசுகள் வெளியாயின. அரிமா முதற் பட்டறைக்கும், ஓநாய் இரண்டாம் பட்டறைக்கும், நீர்யானை நான்காம் பட்டறைக்கும் உரியவை. விலங்கின் அடியில் பட்டறையின் எண்ணும் உண்டு. அழகுக்காக மட்டும் அரிமாவை வாங்கி வைப்பவன் அவ்வெண்ணைக் காண்பதில்லை.

இனி, வகையறிதல் மட்டும் போதுமா? போதாது. காசு எங்கே கிடைத்தது என்பதும் தெரிதல் வேண்டும். இலண்டன் அக்கசாலை 325இல் மூடப்பட்டபின் பிரித்தானியாவுக்குக் காசு வந்தது பெரும்பாலும் திரியர், இலியோன், ஆர்ல் ஆகிய நகர்களிலிருந்தே. ஆகவே அங்கே ஒரு திரியர் காசு கிடைப்பது இயல்பு. அந்தியோக்கியாக் காசு கிடைப்பின் அது வியப்பு. அதே அந்தியோக்கியாக் காசு, கிடைத்த இடம் மறைக்கப்பட்டு ஒரு வாணிகரின் பையில் கலந்துவிட்டால், வியப்பும் இல்லை, செய்தியும் இல்லை.

"இக்காசுகள் எண்ணற்றவை, ஒன்றிரண்டு போனால் என்ன?" என்பார் உளர். எண்ணற்றவையாக இருப்பதே அவற்றின் வலிமை என்பதை அவர் உணரார். ஒரு காசு தற்செயல். ஓராயிரம் காசு சான்று. பல்கேரியா முதலிய நாடுகளில் மாழையறி கருவி கொண்டு கள்ளத்தனமாகத் தோண்டி, மண்ணோடு மூட்டையாக விற்பவர் அச்சான்றைத்தான் அழிக்கின்றனர். அதனை வாங்குபவனும் அவ்வழிவுக்குத் துணைபோகிறான். காடியிட்டுக் களிம்பு நீக்கிப் பளபளப்பாக்குபவனோ எழுத்தையே தேய்த்துவிடுகிறான்.

இக்கேட்டிற்கு மாற்று உண்டு. பிரித்தானியாவில் 1997 முதல் பொதுமக்கள் கண்டெடுப்பவற்றை இடத்தோடு பதியும் திட்டம் நடைபெறுகின்றது. பத்து நூறாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியுள்ளன. காசு கண்டவன் பகைவனாகக் கருதப்படாமல் வரலாற்றுக்குத் துணைவனாக்கப்பட்டான்.

உரோமக் காசு கிடைக்கும் தமிழ்நிலத்திற்கும் இது பொருந்தும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் ஒருசேரக் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமேல் வெட்டு விழுந்திருந்தது. அவ்வெட்டு வேண்டுமென்றே செய்யப்பட்டது என அறிய முடிந்தது ஏன்? புதையல் சிதறாமல் ஒன்றாக ஆராயப்பட்டமையால் என்க. ஒவ்வொன்றாக உருக்கப்பட்டிருந்தால் பொன் எஞ்சியிருக்கும், செய்தி எஞ்சியிராது. கரூர் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக்காசுகள் தேய்ந்தவை, விலை குறைந்தவை. ஆயினும் வாணிகம் நெடுங்காலம் தொடர்ந்ததைக் காட்டுபவை அவையே. புதையல் கண்டோர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்னும் சட்டம் 1878 முதல் இந்தியாவில் உள்ளது. சட்டம் இருந்தும் பயனென்ன, கண்டவனுக்கு அதன் கரணியம் விளங்காவிடில்?

எனவே காசு தொகுப்போர் கடைப்பிடிக்க வேண்டுவன சிலவே. வந்த வழி தெரியாத காசை வாங்கலாகாது. வாங்கியதன் எடை, குறி, கிடைத்த இடம் ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். புதையலைப் பிரித்து விற்றலாகாது. தம் தொகுப்பை அறிஞர் பார்வைக்கு மறைக்கலாகாது.

பொன்னின் விலை நாளுக்கு நாள் ஏறும், இறங்கும். ஆனால் கிடைத்த இடம் மறந்துபோன காசுக்கு அவ்விடத்தை எந்த விலை கொடுத்தும் மீட்டுத்தர இயலாது. தொகுப்போர் இதனை இன்றே உணர்வாராக!