இல்லாளும் தூண்டிலும்

கலா ஓயா புத்தளம் களப்பிற் கலக்குமிடத்துக் கண்டல் வேர்களை அண்டி வாழ்வது கொடுவா மீன். அதனைப் போலி இரையாற் பிடிக்க இல்லாளுக்குப் பயிற்ற விரும்பும் கணவருக்கு ஒன்று கூறுவோம்: கோலை அவர் கையிற் கொடுத்தபின் திரும்பப் பறியாதீர்! வீசக் கற்பது எளிது. தங்கூசியைச் சுற்றியெடுக்கையில் இடையிடையே நிறுத்தக் கற்பதே அரிது. வெறும் மரத்துண்டு துவண்ட மீன்போற் தோன்றுவது அந்த நிறுத்தத்திலேதான். கொடுவா பாய்வதும் பெரும்பாலும் அப்பொழுதே. நீர் வற்றும் வேளை நன்று. சிறுமீன்கள் வேர்களை விட்டு வெளியேறும். (இரை வேரிற் சிக்கினால் தோணியை விட்டு இறங்கவேண்டாம், முதலை வாழும் ஆறு அது.)

கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளின் பின்னரே பெண்ணாக மாறுகிறது. ஆகவே மிகப் பெரிய மீன் அநேகமாகத் தாய்மீன். அதனைக் கறிக்கு எடுப்பதா, நீரில் விடுவதா என்பதைப் பிடித்தவரே தீர்மானிக்கட்டும். நாமாயின் விட்டுவிடுவோம்.