கதவை அடைப்பதா, பங்கு பிரிப்பதா?

எங்கள் வீட்டில் ஒரே ரவுட்டர். பாவிப்பவர்கள் ஐந்து பேர். இரவு ஏழு மணிக்கு எனக்கு இணையவழி பௌதிகவியல் வகுப்பு. அதே நேரத்தில்தான் நானா தன் படிப்புக்கான லினக்ஸ் கோப்புகளை டொரன்டில் இறக்குவார். ஆசிரியரின் குரல் துண்டு துண்டாகும். பிறகு வகுப்பே அறுந்துவிடும். "சோதனை எடுக்கிற பிள்ளை, அதை நிப்பாட்டு மகன்" என்பார் உம்மா. "நான் மெதுவாத்தானே இறக்குறேன்" என்பார் நானா.

குழப்பம் இறக்குவதில் மட்டுமல்ல. டொரன்ட், இறக்கிய துண்டுகளை உடனுக்குடன் மற்றவர்களுக்கு ஏற்றியும் அனுப்புகிறது. பல வீட்டு இணைப்புகளில் ஏற்றும் பாதை ஒடுக்கமானது. அது நிரம்பினால், "கிடைத்தது" என்று என் கணினி அனுப்பும் சிறு பதில்களும் வரிசையில் காத்து நிற்கும், எல்லாமே மந்தமாகும்.

நானாவுக்குச் சொல்லாமலே, டொரன்டுக்கு வழமையான 6881 முதல் 6889 வரையான துறைகளை ரவுட்டரில் அடைத்தேன். பயனில்லை. துறை இலக்கங்கள் 65,535 வரை உள்ளன. மென்பொருள் வேறொன்றுக்கு மாறிக்கொண்டது. நானாவின் கோபம்தான் மிச்சம்.

பிறகு இருவரும் உட்கார்ந்து பேசினோம். ஏற்றும் வேகத்துக்கு அவரே ஓர் எல்லை வைத்தார். பெரிய கோப்புகளை நள்ளிரவுக்குப் பின் ஒதுக்கினார். இப்போது என் வகுப்பு அறுவதில்லை.

பெற்றோர்களே, ரவுட்டரின் வயரைக் கழற்றுமுன் யாருக்கு எப்போது எவ்வளவு தேவை என்று கேளுங்கள். தோழியரே, நாமும் ஒளித்து அடைக்காமல் வாய் திறந்து கேட்போம். ஒரு துறையை அடைத்தால் இன்னொன்று திறக்கும். பேசி வைத்த எல்லையே வீட்டில் நிலைக்கும்.