தேய்ந்த ரப்பர் புஷ்

கார் மேடுபள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்சக்கரத்தருகே கேட்கும் 'டக்' என்ற சப்தத்துக்கு, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் துவாரத்தில் இறுகப் பதிந்து, உள்ளே ஓர் இரும்புக் குழலும் வெளியே ஓர் இரும்புக் கூடுமாக, வருஷக்கணக்கில் அதிர்ச்சியைத் தாங்கி வெடித்துப்போன ரப்பர் புஷ்ஷே பல சமயங்களில் காரணமாகிறது. அதை வீட்டிலேயே அகற்ற முனைவோர், ரப்பரைத் தீயிட்டு எரிக்கும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன். அந்தப் புகை விஷம். கழற்றிய ஆர்மில் நீண்ட போல்ட் ஒன்றைச் செலுத்தி, ஒருபுறம் புஷ்ஷைவிடச் சற்றே சிறிய வாஷரும், மறுபுறம் புஷ்ஷை உள்வாங்கத்தக்க குழாய்த்துண்டும் வைத்து, நட்டை நிதானமாய் முறுக்கினால், சுத்தியலின் பலாத்காரமின்றியே அது நகர்ந்து வெளிவரும். புதியதைப் பொருத்துகையில், வண்டியின் பாரம் சக்கரங்களில் இறங்கிய பிறகே ஆர்மை வண்டியோடு பிணைக்கும் போல்ட்டை இறுக்கவேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், ரப்பர் சதா முறுகியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.