மியூனிக் மலை நகரமல்ல

ஜெர்மனியின் பவேரியா மாநிலத் தலைநகரான மியூனிக், ஆல்ப்ஸ் மலையில் அமைந்த நகரம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நில அமைப்பைப் பார்த்தால் இந்தக் கூற்று நிற்காது.

நகரத்தின் உயரமே முதல் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. மியூனிக் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 520 மீட்டர் உயரத்தில் இருப்பதும், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஜெர்மன் நகரங்களில் இதுவே மிக உயரமானது என்பதும் உண்மை. ஆனால் அந்த உயரம் ஒரு சமவெளியின் உயரம். பனியுகங்களில் ஆல்ப்ஸ் பனியாறுகள் உருகி ஓடிய வெள்ளம், அடித்து வந்த கூழாங்கற்களையும் சரளையையும் இங்கே அடுக்கடுக்காகப் பரப்பியது. கடைசிப் பனியுகத்தின் பனியாறு நகருக்குத் தெற்கிலேயே நின்றுவிட்டது. வந்து சேர்ந்தவை நீரும் கல்லும்தான். இந்தச் சரளைவெளி தெற்கே ஏறத்தாழ 700 மீட்டரில் தொடங்கி வடக்கே 400 மீட்டரை ஒட்டித் தாழ்கிறது. நகர எல்லைக்குள்ளும் இதே சரிவுதான்: தென்மேற்கில் உள்ள வார்ன்பெர்க் மேடு 579 மீட்டர், வடக்கே ஃபெல்ட்மோகிங் பகுதியில் மிகத் தாழ்ந்த இடம் 482 மீட்டர். பல கிலோமீட்டர் தொலைவில் பரவிய சரிவு என்பதால் தெருவில் நடப்பவருக்கு அது புலப்படுவதில்லை.

நிலத்தடி நீர் அதைக் காட்டிக்கொடுக்கிறது. சரளைப் படிவம் தெற்கே தடித்தது, நீர் ஆழத்தில் ஓடும். வடக்கே படிவம் மெலிவதால் நீர் தரைமட்டத்துக்கு எழுந்து டாஹாவ், எர்டிங் சதுப்பு நிலங்களை உண்டாக்கியது. 1992இல் திறக்கப்பட்ட விமான நிலையம் அந்த எர்டிங் சதுப்பில்தான் இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 450 மீட்டர், நகர மையத்தைவிடக் குறைவு. மலை நகரம் என்று நினைத்து வந்திறங்குபவர் முதலில் மிதிப்பது சதுப்பு மண்ணை.

படங்களில் தேவாலயக் கோபுரங்களுக்குப் பின்னால் பனிமலைகள் எழுந்து நிற்கின்றனவே என்பது அடுத்த வாதம். தொலைநோக்கு லென்ஸ் தொலைவைச் சுருக்கிக் காட்டுவதால் வரும் தோற்றம் அது. ஃபோன் எனப்படும் வறண்ட தெற்குக் காற்று வீசும் நாட்களில் காற்று மிகத் தெளிந்து, வெறுங்கண்ணுக்கும் மலைகள் அருகில் வந்ததுபோல் தெரியும். உண்மையில் ஆல்ப்ஸின் வடக்கு விளிம்பே நகரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரமான 2,962 மீட்டர் சுக்ஷ்பிட்ச இன்னும் தொலைவு.

நகருக்குள் குன்றுகள் உண்டு என்பது இன்னொரு வாதம். 1972 ஒலிம்பிக் பூங்காவின் குன்று பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களின் இடிபாடு. வடக்கே உள்ள ஃப்ரோட்மானிங் மேடு குப்பை கொட்டி எழுந்தது. போரில் இடிந்த வீடுகளின் செங்கல்லை மலை என்று கணக்கில் சேர்ப்பது நிலவியலுக்கும் பொருந்தாது, அங்கே இறந்தவர்களின் நினைவுக்கும் பொருந்தாது.

நகரின் ஊடே ஓடும் இசார் ஆறு மலையில் பிறந்தது என்பது கடைசி வாதம். அதில் ஐயமில்லை. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் கார்வெண்டல் மலைத்தொடரில் தோன்றி, மியூனிக்கைக் கடந்து டான்யூபில் கலக்கிறது. அதன் கரையில் கிடக்கும் வெளிர்சாம்பல் சுண்ணாம்புக் கற்கள் உருண்டு வழுவழுப்பாக இருப்பதற்குக் காரணம், மலையிலிருந்து இவ்வளவு தூரம் உருண்டு வந்ததுதான்.