பேனல் கதவைத் திறப்பவருக்காக

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையில் லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஊரின் குடிநீருக்கு முக்கிய ஆதாரம் 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை. அங்கிருந்து தண்ணீர் அவர்களைப் போலத் தானாக நடந்து வருவதில்லை, மோட்டார்கள் தள்ளுகின்றன. அணையைப் பற்றி நிறையப் பேசுகிறோம், மோட்டாரைப் பற்றியும் ஓரளவு பேசுகிறோம். அந்த மோட்டாரை ஓட்டி, நிறுத்தி, காக்கிற சாம்பல் நிறப் பெட்டி, அதாவது பேனல், யார் பேச்சிலும் வருவதில்லை. மோட்டார் நின்றால் முதலில் திறப்பது அதைத்தான்.

ஆரணிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் இரவு எட்டு மணிக்கு நின்றது. பேனலைத் திறந்தால் அத்தனையும் கறுப்பு வயர், ஒன்றிலும் எண் இல்லை. வரைபடம் பேனல் செய்தவரிடம். அவரோ போனை எடுக்கவில்லை. வயர்மேன் டெஸ்டரும் மல்டிமீட்டருமாக ஒவ்வொரு வயராகத் தேடி, நள்ளிரவில் கண்டுபிடித்தார். மோட்டாருக்குச் சுமை மிஞ்சினால் அதை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயில் 95, 96 என்று எண் போட்ட முனைகளில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. “ஃபெரூல் நம்பர் மட்டும் போட்டிருந்தா, டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருப்பேன் சார்” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அவருக்கு இது பழகிவிட்டது.

ஃபெரூல் என்பது வயரின் முனையில் மாட்டும் சிறு பிளாஸ்டிக் வளையம். இரு முனையிலும் ஒரே எண், அதே எண் வரைபடத்திலும் இருக்க வேண்டும். இயந்திரங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60204-1 நிறத்தையும் சொல்கிறது. ஏசி கண்ட்ரோல் வயருக்குச் சிவப்பு, டிசிக்கு நீலம். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மின்சாரம் இருக்கும் வயருக்கு ஆரஞ்சு. இந்த ஆரஞ்சு, உயிர் காக்கும் நிறம். பெட்டிக்குள் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கைவைப்பவரை அது எச்சரிக்கிறது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்பொறியாளர்களின் பழைய கணக்கு. செலவை மிச்சம் பிடிக்கச் சிறிய பெட்டியில் எல்லாவற்றையும் திணிக்கிறார்கள். சித்திரை வெயிலில் அது கொதிக்கிறது. பிறகு கதவைத் திறந்து வைத்து, எதிரே ஒரு டேபிள் ஃபேன்! காற்றோடு உமித்தூளும் உள்ளே போகிறது, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் கருகுகிறது. மாற்றலாம் என்றால் அந்த வகை உள்ளூர்க் கடையில் இல்லை. சென்னையிலிருந்து வரும்வரை கான்டாக்டரைத் தாண்டி நேரடியாக வயரைப் போட்டு ஓட்டுகிறார்கள். தற்காலிகம் என்று போட்ட அந்த வயர் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மெயின் பேனலுக்கு முன்னால் ஒரு மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே மூட்டை அடுக்காத ஆலை எத்தனை?

பேனல் செய்பவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கேட்பவர் விலையைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. தனியார் ஆலைக்காரர் பேரம் பேசுகிறார். குறைந்த விலையைத்தான் எடுக்க வேண்டும், ‘சட்டம் அப்படி’ என்கிறது அரசு அலுவலகம். சட்டம் அப்படி இல்லை. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், ஆவணத்தில் குறிப்பிட்ட, அளவிடக்கூடிய காரணிகளைக் கொண்டே குறைந்த ஒப்பந்தப்புள்ளியைத் தீர்மானிக்கச் சொல்கிறது. ஃபெரூல், கதவின் உட்புறப் பையில் திருத்திய வரைபடம், வயர் இணைக்க ஐந்தில் ஒரு பங்கு உபரி டெர்மினல், உள்ளூரில் கிடைக்கும் கான்டாக்டர், பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி இருந்தால் அதன் நிரலும் பாஸ்வேர்டும் – எல்லாமே எண்ணிப் பார்க்கக்கூடியவை. ஆவணத்தில் எழுதாதபோதுதான் விலை மட்டும் மிஞ்சுகிறது.

நீரேற்று நிலையத்துக்கோ ஆலைக்கோ அடுத்த முறை பேனல் வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். சோதனை நாளில் மின்சாரத்தை அணைத்து, ஒரே ஒரு கண்ட்ரோல் வயரைக் கழற்றிவிடுங்கள். பேனலை அதுவரை பார்த்திராத உள்ளூர் வயர்மேனிடம் வரைபடத்தைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அவர் கண்டுபிடித்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.