பெற்றோருக்குப் பயணச்சீட்டு எடுக்கும் பிள்ளைகளுக்கு



நம் தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் பிறந்து, படித்து முன்னேறிய பிள்ளைகள் சிலர் இன்று அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுள்ளனர். 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்கள் தம் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. மனு, மருத்துவப் பரிசோதனை, ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில் நேர்காணல் என எல்லாம் முடிந்து, கடப்பிதழில் குடியேற்ற விசா ஒட்டப்பட்டு வந்தவுடன் வீட்டில் அனைவரும் பெருமூச்சு விடுகின்றனர். இனி விமானம் ஏற வேண்டியதுதான் என்று நினைக்கின்றனர்.

நான் அப்படி நினைக்கவில்லை. விசா வந்த பிறகு செய்யவேண்டிய முக்கியமான வேலை ஒன்று எஞ்சியிருக்கிறது. பயண நேரத்தைத் திட்டமிடுவதே அது. அந்த வேலையை நம் பிள்ளைகள் கணினியில் மலிவான விலையைத் தேடும் பத்து நிமிட வேலையாக முடித்துவிடுகின்றனர். அதன் விலையை முதியவர்கள் செலுத்துகின்றனர்.

மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அனைவரும் ஒரு கணக்கை அறிவர். நூறு மாணவர்களில் வேகமாக ஓடுபவனை வைத்து நேரத்தைக் கணக்கிடுவதில்லை. காலணியின் கயிற்றைக் கட்டத் தெரியாத முதலாம் ஆண்டுப் பிள்ளையை வைத்தே கணக்கிடுகிறோம். கழிப்பறைக்கு இவ்வளவு நேரம், வரிசையில் நின்று தலை எண்ணுவதற்கு இவ்வளவு நேரம் என்று கூட்டிக்கொண்டே போவோம். குடியேற்ற விசாவில் முதன்முறையாகப் பறக்கும் பெற்றோருக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போதும் இதே கணக்குத்தான் பொருந்தும். ஆனால் சீட்டு எடுக்கும் பிள்ளையோ ஆண்டுக்கு நான்கு முறை பறப்பவர். தம் கால் வேகத்தையும் தம் ஆங்கிலத்தையும் வைத்தே கணக்கிடுகிறார்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்கு நேர் விமானம் இல்லை. தோக்கியோ வழியாக லாஸ் ஏஞ்சலஸ் சென்றுகொண்டிருந்த மலேசிய விமானச் சேவையும் 2014ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆகவே எங்காவது இறங்கி மாறத்தான் வேண்டும். அந்த மாற்றம் தைப்பேயிலோ தோக்கியோவிலோ நடந்தால் சிக்கல் குறைவு. ஒரே பயணச்சீட்டாக இருந்தால் பெரிய பெட்டிகள் தாமாகவே அடுத்த விமானத்துக்குப் போய்விடும். பயணி ஒரு பாதுகாப்புச் சோதனையைக் கடந்து அடுத்த வாயிலில் போய் அமர்ந்தால் போதும்.

அமெரிக்காவுக்குள் மாறுவது அப்படியன்று. அந்நாட்டில் முதலில் தரையிறங்கும் விமான நிலையத்திலேயே குடிநுழைவுச் சோதனை முடியவேண்டும். கடைசி ஊர் ஹூஸ்டனாக இருந்தாலும், முதலில் இறங்குவது சான் பிரான்சிஸ்கோ என்றால் எல்லாம் சான் பிரான்சிஸ்கோவில்தான். சுற்றுப்பயணி முகப்பில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். குடியேற்ற விசாவில் வருபவரைப் பெரும்பாலும் தனி அறைக்கு அனுப்புகின்றனர். அங்கே ஆவணங்கள் சரிபார்க்கப்படும். கைரேகையும் படமும் எடுக்கப்படும். நிரந்தர வசிப்பிட அட்டையை எந்த முகவரிக்கு அஞ்சலில் அனுப்புவது என்று கேட்பர். அறையில் முன்னால் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனரோ அதைப் பொறுத்தது நேரம். அரை மணியிலும் முடியலாம், இரண்டு மணியும் ஆகலாம். அவ்வறையில் பொதுவாகக் கைப்பேசியைப் பயன்படுத்த விடுவதில்லை. வெளியே காத்திருக்கும் மகள் நூறு முறை அழைத்தாலும் அம்மாவால் எடுக்க இயலாது.

அதற்குப் பிறகும் வேலை முடிவதில்லை. பெட்டிகளை எடுக்கவேண்டும், சுங்கத்தைக் கடக்கவேண்டும், அதே பெட்டிகளை மறுபடியும் ஒப்படைக்கவேண்டும், உள்நாட்டு முனையத்தைத் தேடிப் போகவேண்டும், மீண்டும் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நிற்கவேண்டும். விமானம் புறப்படுவதற்குக் கால் மணி நேரத்திற்கு முன்பே வாயிலை அடைத்துவிடுவர்.

இத்தனைக்கும் சேர்த்துப் பயணச்சீட்டில் ஒன்றரை மணி நேரம் கொடுக்கப்பட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். 'விமான நிறுவனமே அந்த இணைப்பை விற்கிறது, அப்படியென்றால் போதும்தானே?' என்று பிள்ளைகள் வாதிடுவர். நிறுவனம் சொல்வது குறைந்தபட்ச நேரம். அது எல்லாம் ஒழுங்காக நடந்தால், வழக்கமான பயணி ஒருவருக்குப் போதுமான நேரம். மூட்டுவலியோடு பதினான்கு மணி நேரம் அமர்ந்து வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக நகரும் படிக்கட்டைக் கண்டு தயங்கி நிற்கும் அம்மாவுக்கான நேரம் அன்று.

எங்கள் பள்ளியில் படித்த ஒரு மாணவியின் பெற்றோருக்கு இது நேர்ந்தது. இருவரும் பால்மரம் வெட்டி மகளைப் படிக்கவைத்தவர்கள். தமிழும் மலாயும் பேசுவர், ஆங்கிலம் தெரியாது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒன்றரை மணி நேர இணைப்பு. குடிநுழைவு அறையைவிட்டு வெளியே வருவதற்குள் அடுத்த விமானம் பறந்துவிட்டது. அன்றைய கடைசி விமானமும் அதுவே. மறுநாள் காலை விமானத்தில் இடம் கொடுத்தனர். விடியும்வரை இருவரும் நாற்காலியில் அமர்ந்திருந்தனர். சாப்பிடவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஊருக்கு வந்தபோது அந்த அம்மா என்னிடம் தம் கோப்பைக் காட்டினார். மற்ற ஆவணங்களோடு ஓர் உணவுச் சீட்டும் கசங்காமல் இருந்தது. "ஏதோ முக்கியமான தாளுன்னு நெனச்சு பத்திரமா வெச்சிட்டேன் டீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த விமான நிலையத்தில் அவர்களை யாரும் துன்புறுத்தவில்லை. எந்த அதிகாரியும் கடிந்து பேசவில்லை. எல்லாரும் தத்தம் வேலையைத்தான் செய்தனர். குறைவாக இருந்தது நேரம் மட்டுமே. ஆகவேதான் இதை விதி என்று விட்டுவிட எனக்கு மனம் இல்லை. முன்கூட்டியே திருத்திக்கொள்ளக்கூடிய ஒன்று இது.

எப்படித் திருத்துவது? முதலாவது, மாறும் இடத்தை அமெரிக்காவுக்கு வெளியே வையுங்கள். ஹூஸ்டன், சிக்காகோ, நியூயார்க் போன்ற பெருநகரங்களுக்கு ஆசிய நகரங்களிலிருந்து நேரே செல்லும் விமானங்கள் உண்டு. மகள் குடியிருக்கும் நகரத்திலேயே முதலில் தரையிறங்கினால், குடிநுழைவு அறையில் மூன்று மணி நேரம் ஆனாலும் இழப்பதற்கு விமானம் எதுவும் இல்லை. வெளியே மகள் நிற்பாள். சில நூறு ரிங்கிட் கூடுதலானாலும் இந்தச் சீட்டுத்தான் மலிவானது.

இரண்டாவது, உள்ளே மாறித்தான் தீரவேண்டும் என்றால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். அடுத்த விமானம் அன்றைய கடைசி விமானமாக இருக்கக்கூடாது. காலையிலோ நண்பகலிலோ தரையிறங்கினால், ஒன்று தவறினாலும் இன்னொன்று இருக்கும். இயலுமானால் மகனோ மகளோ அந்த முதல் நகரத்துக்கே பறந்து வந்து, சுங்கத்தைத் தாண்டிய வாசலில் நிற்கலாம். இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

மூன்றாவது, பயணம் முழுவதும் ஒரே பயணச்சீட்டில் இருக்கட்டும். இரண்டு நிறுவனங்களில் தனித்தனியே சீட்டு எடுத்து ஒட்டுப்போட்டால், முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது நிறுவனத்துக்கு அது பொருட்டன்று. புதிய சீட்டை நாமே வாங்கவேண்டியதுதான்.

நான்காவது, சக்கர நாற்காலி உதவியை முன்பதிவு செய்யுங்கள். "நான் நல்லாத்தானே நடக்கிறேன்" என்று அப்பா கோபித்துக்கொள்வார். அது நடக்க இயலாதவர்க்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டாம். நெடுந்தூரம் நடக்கவும் நெடுநேரம் நிற்கவும் சிரமப்படும் முதியவர்கள் கேட்கலாம். வழி தெரிந்த ஒருவர் உடன் வருவார் என்பதே அதன் பெரும்பயன். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுவது நல்லது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கே.எல்.ஐ.ஏ. சிப்பாங்கில் இருக்கிறது, கோலாலம்பூர் நகரிலிருந்தே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் இரண்டு வேன்களில் உறவினர்கள் திரண்டு வருவர். வழியில் நெரிசல் இருக்கும். முதல் நாளே வந்து கிள்ளானிலோ நீலாயிலோ உறவினர் வீட்டில் தங்குவது அறிவுடைமை. எந்த முனையம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் முனையம் வேறு கட்டடம். அங்கிருந்து இங்கு வர இரயிலோ வாகனமோ பிடிக்கவேண்டும். நள்ளிரவு 12.30 விமானம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சீட்டில் 15ஆம் தேதி என்றிருந்தால், 14ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்கவேண்டும்.

மூன்று மணி நேரத்துக்கு முன்னால் போனால் போதும் என்பது பொதுவான அறிவுரை. குடியேறச் செல்பவர்கள் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளட்டும். முகப்பில் விசாவை நிதானமாகச் சரிபார்ப்பர். பெட்டியின் எடை கூடியிருக்கும். எல்லார் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்து, ஊறுகாய்ப் புட்டியை வெளியே எடுப்பதா, மசாலைத் தூளை எடுப்பதா என்று வழக்காடுவோம். பல நிறுவனங்கள் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே முகப்பை மூடிவிடும். பேரப்பிள்ளைகளைக் கட்டியணைத்து அழுவதற்கும் நேரம் வேண்டுமல்லவா? அந்த அழுகை அவசரப்படுத்தப்படக்கூடாது.

பெட்டியில் வைப்பதும் நேரக்கணக்கைச் சேர்ந்ததே. பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், விதைகள், இறைச்சி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற உணவுப் பொருள்களைச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லவேண்டும். சொன்னால் பறிமுதலோடு போய்விடும், மறைத்தால் தண்டம். எதுவாயினும் சோதனைக்கு இழுத்தால் அரை மணி நேரம் கரைந்துவிடும்.

ஆவணங்கள் கைப்பையில் இருக்கட்டும். தூதரகம் முத்திரையிட்ட உறை தந்திருந்தால் அதைப் பிரிக்கக்கூடாது. பெரிய பெட்டியிலும் போடக்கூடாது. பிள்ளையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கைப்பேசியில் மட்டும் இருந்தால் போதாது. தாளில் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். "எங்களுக்குத் தமிழும் மலாயும் தெரியும், மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று ஆங்கிலத்தில் எழுதிய ஓர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்தனுப்புங்கள். உண்ணாத உணவு, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றையும் அதன் பின்புறம் எழுதலாம். 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தைப் புறப்படுமுன்பே இணையத்தில் செலுத்திவிடுங்கள்.

விசாவில் அச்சிட்டிருக்கும் கடைசி நாள் நாம் புறப்படவேண்டிய நாள் அன்று. அமெரிக்காவுக்குள் நுழைந்திருக்கவேண்டிய நாள். அந்த விசா பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கு மேல் செல்லாது. தீபாவளி, பேத்தியின் சடங்கு, வீட்டை வாடகைக்கு விடுவது என்று தள்ளிப்போட்டுக் கடைசி வாரத்தில் கிளம்புபவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு புயலோ காய்ச்சலோ வந்தால் அத்தனை மாத உழைப்பும் தொங்கலில் நிற்கும். இரண்டு மூன்று வாரங்களாவது கையிருப்பில் இருக்கட்டும்.

'முதியவர்களை மணிக்கணக்கில் காக்க வைப்பதும் கொடுமையல்லவா?' என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. காத்திருப்பு களைப்பைத் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எங்கே இருக்கிறோம், அடுத்து என்ன என்று தெரிந்து அமர்ந்து காத்திருப்பதில் வரும் களைப்பு உறங்கினால் தீரும். புரியாத அறிவிப்புகளுக்கு நடுவே ஓடுவதில் வரும் அச்சம் எளிதில் தீராது. புதிய நாட்டைப் பற்றி அவர்கள் மனத்தில் பதியும் முதல் பாடம் அது. முதல் நாள் பள்ளிக்கு வரும் பிள்ளையை நாம் எவ்வளவு பக்குவமாக வரவேற்கிறோம்! அந்த முதல் நாள் கெட்டுவிட்டால் எத்தனை வாரங்கள் அது அழும் என்பதை முதலாம் ஆண்டு ஆசிரியரைக் கேட்டுப்பாருங்கள்.

அறுபது, எழுபது வயதில் சொந்த மண்ணை விட்டுப் புறப்படுவது பிள்ளைகளின் மேலுள்ள நம்பிக்கையால் மட்டுமே. கோலாலம்பூரைவிடப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் பின்தங்கிய ஊருக்கு அவர்கள் வருகின்றனர். பகல் இரவு மாறி, மொழி மாறி, உணவு மாறி வருபவர்களுக்குப் பிள்ளைகள் தரக்கூடிய முதல் பரிசு இரண்டு மணி நேரக் கூடுதல் அவகாசம்.

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்று கேளுங்கள். அவர் கூடுதலாகத்தான் சொல்வார். அதில் பாதியை எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை