நூலகத்துக்குள்ளும் ஒரு சேரியா?

பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் ஊர் நூலகத்தில் அண்ணல் அம்பேத்கரின் நூலொன்றைத் தேடினேன். ரூபாயின் சிக்கலைப் பற்றி அவர் எழுதி 1923-இல் லண்டனில் வெளியானது அது. டூயி தசம வகைப்பாட்டில் நிதிக்கு 332, அதற்குள் பணத்துக்கு 332.4. அந்தத் தட்டை முழுக்கத் துழாவினேன், இல்லை. நூலகரிடம் கேட்டேன்.

"அம்பேத்கர் புக்கா தம்பி? அதெல்லாம் கடைசி அலமாரிலதான் இருக்கும்."

கடைசி அலமாரியில் 'தலித்தியம்' என்று ஒட்டியிருந்தார்கள். ரூபாய் அங்கேதான் இருந்தது. பக்கத்தில் பாமாவின் 'கருக்கு', அயோத்திதாசரின் 'இந்திரர் தேச சரித்திரம்', இரட்டைமலை சீனிவாசனின் தன்வரலாறு. ஒன்று பொருளாதாரம், ஒன்று இலக்கியம், ஒன்று வரலாறு, ஒன்று வாழ்க்கை வரலாறு. இந்த நான்கையும் ஒரே இடத்தில் அடுக்கிய கை, நூலைப் பார்க்கவில்லை. எழுதியவரின் பிறப்பைப் பார்த்திருக்கிறது. அக்கிரகாரத்து நாவல்களுக்குப் 'பார்ப்பனியம்' என்று தனி அலமாரி எங்காவது உண்டா? அவை 'தமிழ் இலக்கியம்'.

நூல் எதைப் பற்றியது என்பதுதான் வகை எண்ணைத் தீர்மானிக்க வேண்டும். அந்த முறையின் அடிப்படையே அதுதான். அம்பேத்கர் என்றதும் அந்த விதி மறந்துபோகிறது.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. 1876-இல் மெல்வில் டூயி உருவாக்கிய இந்த முறையில் மதங்களுக்கு 200 முதல் 299 வரை இடம். அதில் 220 முதல் 280 வரையிலான பிரிவுகள் கிறித்தவத்துக்கே போயின. பௌத்தம், இந்து மதம், இஸ்லாம் எல்லாம் 290-க்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர் எழுதிய எந்த நூலானாலும் 325-க்கோ 326-க்கோ தள்ளப்பட்டது. முன்னது குடியேற்றம், பின்னது அடிமை முறை. ஒரு கறுப்பினக் கவிஞரின் கவிதைகள்கூட அங்கேதான். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கறுப்பின நூலகர் டோரதி போர்ட்டர் இதை ஏற்க மறுத்தார். கவிதையைக் கவிதையாகவும் வரலாற்றை வரலாறாகவும் மாற்றி அடுக்கினார். ஓர் எண்ணை மாற்றுவதும் போராட்டம்தான் என்று காட்டினார்.

"தனி அலமாரி நல்லதுதானே, தேடி வருபவருக்கு எளிது" என்று நம் தோழர்கள் சிலரே சொல்கிறார்கள். தேடி வருபவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். என் கவலை தேடாமல் வருபவரைப் பற்றியது. நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவதன் பயனே, ஒன்றைத் தேடும்போது அதன் பக்கத்து நூலும் கண்ணில் படுவதுதான். பணத்தைப் பற்றிப் படிக்க வரும் மாணவரின் கையில் அம்பேத்கர் தட்டுப்பட வேண்டும். இல்லையென்றால் அவருக்கு அம்பேத்கர் என்பது இட ஒதுக்கீடு, ஏப்ரல் 14, தெருமுனைச் சிலை என்பதோடு முடிந்துவிடும். சிலைக்குக் கம்பிக் கூண்டு போட்ட நாட்டில், நூலுக்கு அலமாரிக் கூண்டு!

சாதியைப் பற்றிய நூல்கள் சமூகப் பிரிவுகளுக்கான 305.5-இல் இருக்கட்டும், 'சாதி ஒழிப்பு' அங்கே இருப்பது முறைதான். நமக்கென ஓர் அலமாரி வேண்டுமென்றால் இரண்டாவது படி வாங்கி வையுங்கள். ஒரு படி ஒரு தட்டில்தான் இருக்க முடியும். பட்டியலில் அதை எத்தனை தலைப்புகளின் கீழும் பதியலாம். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்ற விதியை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்டது இதே சென்னையில்தான்.

அன்று அந்த நூலைப் படித்து முடித்து, 332.4 தட்டில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அது கடைசி அலமாரிக்கே திரும்பியிருந்தது. நான் ஒருவன் வைத்தால் அப்படித்தான் ஆகும், தோழர்களே. இந்த வாரம் உங்கள் நூலகத்துக்குப் போங்கள். 332.4-இல் அம்பேத்கர் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று நூலகரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.